எண்ணெய் தானாக, காற்று தானாக

பெயர்ப்பலகையில் நான்கு எழுத்து.
பயிற்சிக் கல்லூரியில் அதற்கென்றே ஒரு விரிவுரை:
எண்ணெய் தானாகச் சுற்றும், காற்று தானாக வீசும்.
பம்பு இல்லை, தள்ள ஆளில்லை.
சூடேறிய எண்ணெய் மேலே போய்
தகடுகளுக்குள் நுழைந்து
குளிர்ந்து கனத்து இறங்கி
மறுபடி சுருளைத் தொடும்.
பரீட்சையில் இதை வரைந்தேன்.
ஓர் அம்புக்குறி தலைகீழாகப் போனதற்கு
இரண்டு புள்ளி குறைத்தார்கள்.

நானுஓயா மேடு. இரவு ஒன்று நாற்பது.
எனக்கு இரண்டு சுவெட்டர்.
நிமல்சிறியின் கம்பளித் தொப்பி காதை விழுங்கியிருக்கிறது.
வெளியே பன்னிரண்டு பாகை.
இந்த மலையில் இந்த நேரத்தில்
இன்னும் குளிர் வேண்டும் என்று கேட்பது
நாற்பது தொன் இரும்பு ஒன்றுதான்.

கூழாங்கல் குழியின் ஓரமாய்
அதன் சூட்டில் முதுகை வைத்து
ஒரு பெட்டை நாய் தூங்குகிறது.
வேலியை எப்படித் தாண்டியதோ.
பதிவேட்டில் அதை நாங்கள் எழுதுவதில்லை.

பக்கத்து மேடை வெறுமை.
இரட்டையில் மற்றது கழன்று
கீழ்நாட்டுப் பட்டறைக்குப் போய் ஏழு வாரம்.
அதன் சுமையும் இதன் தலையில்.
போதாததற்கு வைகாசிக் கொழுந்து,
நாளொரு மழை, நாளொரு வெயில்,
எந்தத் தொழிற்சாலையும் உறங்கவில்லை.
அங்கே பச்சைக் கொழுந்தை வாட்ட நாற்பது விசிறி;
அந்த நாற்பதைச் சுழற்றும் சூட்டை ஆற்ற
இங்கே ஆறு.

"மிஸ், மூனாவது நிக்குது."

ஐந்து.

பேரிங். தையில் கேட்டு எழுதினோம்.
பங்குனியில் பதில் வந்தது:
வகை இலக்கத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும்.

எழுபத்தொன்பது.
எண்பத்திரண்டு.
எண்பத்தைந்தில் மணி அடிக்கும்.
தொண்ணூற்றைந்தில் எவரையும் கேளாமல்
தானே அறுத்துக்கொள்ளும்.

தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறை, சிங்களத்தில்:
ஃபீடர் நான்கை இறக்கு.

நான்கு என்றால் பதினெட்டு லயம்,
ஒரு பிள்ளை மடுவம், ஒரு மாரியம்மன் கோயில் பல்பு.
நான் பிறந்த வரிசையும் அதில்தான்;
அதைச் சொல்லவில்லை.
கணக்கை மட்டும் சொன்னேன்:
சேர், இந்த நேரம் நான்கு இழுப்பது
ஒரு தொழிற்சாலையின் இரண்டு விசிறி அளவு.
அதை இறக்கினால் அரைப் பாகைகூட இறங்காது.
கொழுந்து வாட்டுகிறவர்களில் ஒருவரை
ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கள்.

மறுமுனையில் யாரோ கொட்டாவி விட்டார்.
பிறகு: பதினைந்து நிமிடம் தருகிறேன்.

வெளியே ஓடினோம்.
நிமல்சிறியின் டார்ச் தகடுகளுக்கிடையே போனது,
மறுபக்கம் வெளிச்சம் வரவில்லை.
ஈசல். ஆயிரக்கணக்கில் உதிர்ந்த இறகு,
அதன்மேல் தேயிலைப் பஞ்சு, அதன்மேல் பனி,
மெத்தை தைத்த மாதிரி.
காற்று தானாக வரும் என்றார்களே,
எந்த வழியாக வரும்?

இடைவெளி அளந்து நின்றுகொண்டு
நீளக் கம்பில் கட்டிய தூரிகையால்
கீழ்ப்பாதியை மட்டும் வாரினோம்.
மேலே போனால் மரணம்.
இறகுகள் கொத்தாக விழுந்தன.
நாய் எழுந்து எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு
தள்ளிப் போய்ப் படுத்தது.

உள்ளே வந்தால் எண்பத்துநான்கு.
கொஞ்சம் கழித்தும் எண்பத்துநான்கு.
எண்ணெய்க்கு அவசரம் தெரியாது.
முள்ளையே பார்த்துக்கொண்டு
ஆறிய பிளேன்டியைக் குடித்தோம்.

இதற்குள் ரயில் பாதைப் பக்கமிருந்து மூடுபனி ஏறி
வேலி, கோபுரம், பீங்கான் தட்டுகள் எல்லாம் போய்
இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

எண்பத்துமூன்று.

தூரிகையா, பனியா,
எங்கோ ஒரு டீமேக்கர் சுவிட்சை அணைத்தானா,
எனக்குத் தெரியாது.
பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம் இருக்கிறது.
நிமல்சிறி பேனாவை நீட்டினான்.
கோடு ஒன்று போட்டுவிட்டு
தையில் அனுப்பிய படிவத்தைத் திரும்ப எடுத்தேன்.
பேரிங்கின் வகை இலக்கத்தை எழுதினேன்,
ஒவ்வோர் இலக்கமும்
கட்டைவிரல் நகத்தளவு.