குளச்சல் தந்திப் பதிவேடு

நம் நாவல்களில் தந்தி வந்தால்
யாரோ செத்திருப்பார்கள்.
காக்கிச் சட்டை வாசலுக்குத் திரும்பியதும்
ஒரு பெண் மார்பில் அடித்துக்கொள்வாள்,
உறையைக் கிழிக்கும் முன்பே.

கரையான் மிச்சம் வைத்த பதிவேட்டை
குளச்சலில் மூன்று வாரமாக எண்ணுகிறேன்.
நூற்றுக்கு எண்பத்தொன்று விலை:
கொப்பரை, கயிறு, கருவாடு,
கொழும்பு, தூத்துக்குடி, ஆலப்புழை.
சாவு நான்கே நான்கு.
பிறப்பு ஒன்று. பெண். இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது.

சொல்லுக்குக் காசு.
மீரான் பிள்ளை எழுவாய்க்கு ஒருநாளும் பணம் கட்டியதில்லை.
'இறக்கம். விற்காதே.'
யார், எதை என்பது
கம்பியின் அந்த முனையில் இருந்தவனுக்குத் தெரியும்.

எதிர்பாராததுதான் செய்தி என்கிறது
நான் படித்துவந்த கோட்பாடு.
அப்படியானால் நாவலின் தந்தி செய்தியே அல்ல;
அட்டையைத் திறக்கும்போதே நமக்குப் பிணம் தெரியும்.
கொப்பரைதான் யாரும் எதிர்பாராத கதை.
இதை எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று.

பிறகு ஒரு பக்கம்.
ஆவணி ஏழு, கொழும்பிலிருந்து வேதமாணிக்கத்துக்கு:
'கொப்பரை பாதி.'
ஆவணி பத்தொன்பது, அதே முகவரிக்குத் திரும்ப:
'வேதமாணிக்கம் மரணம். வா.'
இடையில் பன்னிரண்டு நாள்
அந்த வீட்டிலிருந்து ஒரு சொல்லும் போகவில்லை.

விலைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
சாவுக் கட்டத்தில் ஒன்று.
முதல் கோட்டை அழித்தேன்.
மறுபடி போட்டேன்.
கூட்டுத்தொகை இப்போது நூற்றைத் தாண்டுகிறது.

சாயா குடிக்க வெளியே வந்தால்
துறைமுகத்தில் ஏலம்.
சாளைக்கு விலை விழுந்துகொண்டிருந்தது,
சத்தமாக,
எல்லோருக்கும் கேட்கும்படி.