குறுக்குக் கோடு போட்ட ஏழு

நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில்
தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளம்.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஆறரை.
ஐந்து நாற்காலி, அதில் ஒன்று ஆடும்.
எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறோம்,
அதில் யார் உட்காருவது என்பதைத் தவிர.

பணம் வந்த வழி:
நவம்பரில் மீன் சௌடர் விருந்து,
தலைக்குப் பன்னிரண்டு டாலர், குழந்தைக்கு ஐந்து.
ஹேடக் மீனைச் சும்மா தந்த படகுக்காரர்
வரிசையில் நின்று டிக்கெட்டும் வாங்கினார்.
அப்புறம் காலி பாட்டில், ஒன்றுக்கு ஐந்து சென்ட்.
க்ளெண்டா வைனாட்டின் கராஜில்
பனி விழுந்த பிறகும் பீர் நாற்றம் போகவில்லை.
அப்புறம் என் தபால் ஜன்னலில் ஒரு காப்பித் தகரம்.
ஒருமுறை அதில் கல்யாண மோதிரம் கிடந்தது.
மூன்று வாரம் அறிவிப்பு ஒட்டினோம்,
யாரும் வரவில்லை.
விற்றதில் எண்பத்தைந்து டாலர்.
யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ.

மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினொரு டாலர், அறுபது சென்ட்.
இருநூறு லிட்டருக்குக் குறைந்தால்
எண்ணெய் லாரி குழாயை இறக்காது.
கணக்குப் போட்டால் எட்டு வீடு.
மிச்சம் ஐம்பத்தொன்று அறுபது,
அதற்கு எந்தத் தொட்டியும் திறக்காது.
விண்ணப்பம் பதினொன்று.

பெயர் இருக்கும் மேல்துண்டை
மருந்துக்கடை இமொஜின் கத்தரித்து வைத்துக்கொள்வாள்.
எங்களுக்கு வருவது எண் மட்டும்.
நல்ல விதிதான்.
ஆனால் இருபத்தாறு வருடமாய்
இந்த ஊர்க் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறவள் நான்.
கையெழுத்து எனக்கு முகம்.
தெரியாத மாதிரி இருக்கப் பழகியிருக்கிறேன்.

ஒருவர் விறகடுப்பு வாங்கிவிட்டார்.
ஒருவர் மகளிடம் போய்விட்டார்.
இன்னும் ஒன்று கழியவேண்டும்.

ஒன்பதாம் எண்ணை வாசித்தார் பொருளாளர்
மெரில் கார்க்கம், ஆடும் நாற்காலியிலிருந்து.
தொட்டியில் எவ்வளவு? சிவப்புக் கோட்டுக்குக் கீழே.
வீட்டில் எத்தனை பேர்? ஒருவர். டிசம்பர் வரை இருவர்.
எதிர்பாராத செலவு? ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனை,
போய்வர 277 கிலோமீட்டர், பதினேழு தடவை.

தாள் என் கைக்கு வந்தது.
இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
மேசையில் விரித்திருந்த வரவுசெலவுப் புத்தகத்தில்
பதினொரு வருடமாய் அதே ஏழு,
அதே கோடு.

"ஒற்றை ஆள்," என்றார் மெரில், குரல் மாறாமல்.
"மேல்மாடியை அடைத்துவிட்டுச் சமாளிக்கலாம்.
நாலாம் எண்ணில் கைக்குழந்தை இருக்கிறது.
ஒன்பது வேண்டாம் என்பது என் வாக்கு."

நியாயமாகத்தான் பேசினார்.
அதுதான் தாங்கவில்லை.

நான் கையைத் தூக்கினேன், ஒன்பதுக்காக.
புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே க்ளெண்டா தூக்கினாள்.
ஆஸ்பர்ன் நிக்கில் தொண்டையைச் செருமிவிட்டுத் தூக்கினார்.
கடைசியாக, வண்டி ஓட்டும் டேரல்.
யாருக்குத்தான் தெரியாமல் இருந்தது?

மெரில் பேனாவை எடுத்தார்.
ஒன்பது: ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று, நிறைவேறியது.
எழுதி முடித்து, மை காயட்டும் என்று
நெடுநேரம் ஊதினார்.
பால்பாயிண்ட் பேனா அது.

அதற்காக நாலாம் எண் வெளியே போனது.
அந்தக் கையெழுத்தையும் எனக்குத் தெரியும்.
தாளின் பின்பக்கம் புடைக்கும்படி அழுத்தி எழுதும்
உருண்டை எழுத்து.
சொல்லவில்லை. விதி இருக்கிறதே.

வியாழக்கிழமை லாரி வந்தது.
வெள்ளிக்கிழமை அவள் என் ஜன்னலுக்கு வந்தாள்,
கோட்டுக்குள் குழந்தை, வெளியே தெரிந்தது தொப்பி மட்டும்.
ஒரே ஒரு தபால்தலை கேட்டாள்.
கையுறையைக் கழற்றாமலே காசு தந்தாள்.
மீதிச் சில்லறையை எண்ணவில்லை,
தகரத்தில் போட்டுவிட்டு நடந்தாள்.

முப்பத்தைந்து சென்ட்.
செவ்வாய்க்கிழமை அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.
மெரில் எழுதிக்கொள்வார்.