தண்ணி இல்லை

பூனை தின்று முடித்த மீன் டப்பா.
கழுவி, காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால்
விளிம்புக்குக் கீழே இரண்டு வரிசை துளைத்தேன்.
அவ்வளவுதான் அடுப்பு.
முதுகுப்பையில் கிடப்பதே தெரியாது.

எதை ஊற்றுவது என்பதில்தான்
இருதயராஜுக்கும் எனக்கும்
மூன்று வாரச் சண்டை.

முதலில் மருந்துக்கடை ஐசோபுரொபைல்.
தண்டர் பேயில் மே மாதம்,
பால்கனி மூலையில் அழுக்குப் பனி இன்னும் போகவில்லை.
மஞ்சளாய், சோம்பலாய் எரிந்தது.
பாத்திரத்தின் அடி கரிச்சட்டி.
அதில் கலந்திருந்த தண்ணீர் மட்டும்
டப்பாவை விட்டு நகர மாட்டேன் என்றது.

கீழ்வீட்டு வெண்டல், பெட்ரோல் கொஞ்சம் தரவா என்றார்.
கதவைச் சாத்திவிட்டு அப்புறம்தான்
வேண்டாம் என்றேன்.

பிறகு ஹார்டுவேர் கடை. கீழ்த்தட்டில் கேன்கள்:
மெதில் ஹைட்ரேட்.
கரி இல்லை, புகை இல்லை, விலையும் இல்லை என்பதுபோல் ஒரு விலை.
காட்டுக்குப் போகிறவர்கள்
இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான் கடைப் பையன்.
இருதயராஜ் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தான்.
நான் திருப்பி, முதுகிலிருந்த சிற்றெழுத்தைப் படித்தேன்.

மெத்தனால்.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள்.
இந்தச் சொல்லுக்கு வெந்தது.
தமிழில் செய்தித்தாள் படித்து வளர்ந்தவளுக்கு
இது வேதியியல் புத்தகத்துச் சொல் அல்ல.
அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்துச் சொல்.
கட்டில் போதாமல் தரையில் ஆண்கள்,
பாக்கெட்டில் மிச்சக் கூலி,
"கண்ணு தெரியல, லைட்டைப் போடு" என்று
பட்டப்பகலில்.

"நாம குடிக்கவா போறோம்?" என்றான்.

குடிக்க மாட்டோம்.
விரலில் சிந்தும், தோல் குடிக்கும்.
கூடாரத்துக்குள் அடுப்பே கூடாது,
ஆனாலும் மழை பிடித்தால் நீ உள்ளேதான் பற்றவைப்பாய்,
மூக்கு குடிக்கும்.
நடுராத்திரி தாகத்தில் தண்ணீர் என்று நினைத்து
எந்தப் புட்டியை எடுப்பாய் என்று
எனக்குத் தெரியாதா?

இரண்டு தட்டு மேலே
வரவேற்பறைக் கணப்புக்கான எத்தனால், லிட்டர் பதினான்கு டாலர்.
அதுவும் குடிக்கிற சங்கதி அல்ல.
ஆனால் அதன் சிற்றெழுத்தில்
நான் தேடிய பேய் இல்லை.
இருதயராஜ் கைப்பேசியில் கணக்குப் போட்டான்.
"ஒரு காப்பிக்கு நாற்பத்திரண்டு காசு."
"ஒரு கண்ணுக்கு இருபத்தொன்று" என்றேன்.
மெதில் ஹைட்ரேட்டைத் திரும்ப வைக்கப் போனவன்
வழியில் ஆணி வாங்கிவந்தான், எதற்கோ.

சிறு புட்டி ஒன்றில் ஊற்றி
சிவப்பு டேப் சுற்றி, மார்க்கரில்
கொட்டை எழுத்தில் எழுதினேன்:
தண்ணி இல்லை.
படித்துவிட்டு அவன் சிரித்து முடிக்க வெகுநேரமானது.
எந்தத் தண்ணியும் இல்லை என்று
கீழே இன்னொரு வரி சேர்த்தேன்.

ஜூலை. சுப்பீரியர் ஏரிக்கரைப் பாறை.
வெயில் நேர் உச்சியில்.
அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரம் ஏற்றினோம்.
சற்று நேரம் கழித்துக் குனிந்து பார்த்து
"அணைஞ்சுபோச்சு" என்றான்,
புட்டி மூடியைத் திருகியபடி.
நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.
டப்பா, பாறை, வெயில்.
எங்கிருந்தோ ஒரு பைன் ஊசி
டப்பாமேல் விழுந்தது;
விழுந்த இடத்திலேயே
சுருண்டு, சிவந்து, காணாமல் போனது.

அவன் மணிக்கட்டைப் பிடித்தது
என் கைதான் என்று பிறகுதான் தெரிந்தது.

எத்தனாலும் சாது இல்லை.
மூடி திருகியது. புட்டி பத்தடி தள்ளிப் போனது.
உள்ளங்கையை உயரத்திலேயே நிறுத்தி
மெல்ல இறக்கிக்
கையால் பார்த்தோம்:
இருந்தது.

தானாய்த் தீரும்வரை காத்திருந்தோம்.
டப்பா ஆறும்வரை மறுபடியும்.
அதற்குள் தண்ணீர் கொதித்து அடங்கிவிட்டிருந்தது.
காப்பித்தூள் போட்டான்.
சர்க்கரையை
காரிலேயே விட்டு வந்திருந்தான்.