நாற்புற எல்லை

மல்லாவியில், மோட்டர் சுற்றுகிற கடைக்கு மேலே ஓர் அறை.
ஆறு மாத வாடகை முற்பணம்.
‘து. நிரஞ்சலா, அனுமதி பெற்ற நில அளவையாளர்.’
பலகை எழுதியவன் ‘அலவையாளர்’ என்று எழுதிவிட்டான்.
திருத்தக் காசு கேட்டான்.
கறுப்பு மையால் நானே திருத்தினேன்.
வெயில் ஏறினால் பழைய எழுத்து இன்னும் தெரியும்.

இருநூறு கார்ட் அடித்தேன்.
வங்கியில் கடன் பகுதிக்காரர் ஒன்றை வாங்கி
அதன் முதுகில் கூட்டல் கணக்குப் போட்டார்.
நொத்தாரிசு சிவகடாட்சம்,
“எங்களுக்கு வவுனியாவில ஒராள் இருக்கிறார் தங்கச்சி,
முப்பது வருசம்” என்று தேத்தண்ணி தந்தார்.
தேத்தண்ணி நல்லாயிருந்தது.
ஹாட்வெயார் வாசலில் ஒரு கிழமை நின்றேன்.
சிமெந்துத் தூண் வாங்குகிறவனுக்கு
எங்கே நடுவதென்று தெரியவேண்டுமே.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் மாதம்,
கருவிக்குத் தவணைக்காசு கட்டவேண்டிய நாள்,
சும்மா இருக்கப் பயந்து
பாண்டியன்குளம் வீதியோரம் முக்காலியை விரித்தேன்.
யாருக்காகவும் இல்லை. தெருவை அளந்தேன்.
கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தபோது பத்துப் பேர்.
ஒரு பெண் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.
“எந்தக் கந்தோர்? வனவளமா?
எங்கட பக்கமும் வருதோ?”

அப்போதுதான் விளங்கியது.
இங்கே முக்காலி விரித்தவர் எவரும்
கேட்டு விரித்ததில்லை.
அவர் போனபிறகு ஒரு கல் நிற்கும்.
கல்லுக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
நேற்றுவரை அந்தப் பக்கமும்.

“நான் ஒரு கந்தோரும் இல்லை.
நீங்கள் கூப்பிட்டால்தான் வருவன்.
காசு தரவேணும்.”
காசு என்றதும் முகங்கள் தெளிந்தன.
காசு கேட்கிறவள் காணி கேட்கமாட்டாள்.

அடுத்தநாள் படியேறி வந்தாள் அந்தச் சைக்கிள்காரி,
ரஞ்சிதமலர்.
பொலித்தீனுக்குள் பொலித்தீன், அதற்குள் உறுதி.
மடிப்புகளில் எழுத்து உதிர்ந்திருந்தது.
ஒன்றேகால் ஏக்கர்.
வடக்கு: ஒழுங்கை.
கிழக்கு: வீரகத்தி பெண் அன்னமுத்து.
தெற்கு: வாய்க்கால்.
மேற்கு: பொன்னுத்துரை மகன் இராசநாயகம்.
“விக்க இல்லை. கிணறு எனக்குள்ளயோ
வெளியிலயோ எண்டு மட்டும் தெரிஞ்சால் போதும்.”

“அளக்கிற அன்று எல்லைக்காரர் நிக்கவேணும்”
என்றேன், வழக்கத்துக்கு.

மேற்கு வந்தார்.
இடுப்பில் கைவைத்து, நான் ஏதோ களவெடுப்பேன் போல,
கதியால் கதியாலாக என் பின்னால் நடந்தார்.
வேலிக் கடைசியில் குரல் இறங்கியது:
“உந்தப் பக்கமும் பிடிச்சால் எவ்வளவு எடுப்பீங்கள்?”

கிழக்கு வரவில்லை.
கிழக்கில் ஈச்சம்பற்றை,
கட்டு இடிந்த இன்னொரு கிணறு,
ஓட்டுத்துண்டில் ஏறிப் படுத்திருந்த ஓணான்.
“அன்னமுத்து அம்மா எங்கே?”
ரஞ்சிதமலர் வாளியை எடுத்துக்கொண்டு
தன் கிணற்றடிக்குப் போனாள்.
தன் கிணறுதான். பதினொரு அடி உள்ளே.

இரவு படம் வரைந்தேன்.
கிழக்குக் கோட்டுக்கு அப்பால் எங்கள் தொழிலின் வசனத்தை எழுதினேன்:
‘அன்னமுத்து உரிமை கோரும் காணி.’
கோரும் என்று எழுதும்போது பேனை கொஞ்சம் நின்றது.
வேறு வசனம் எனக்குப் படிப்பிக்கவில்லை.

இப்போது கார்ட் கொடுப்பதில்லை.
உறுதியின் கடைசிப் பக்கத்தில்
அடுத்த வாடிக்கையாளரின் பெயர் இருக்கிறது, தகப்பன் பெயரோடு.
இராசநாயகத்தின் மேற்கு யோகம்மா,
யோகம்மாவின் வடக்கு அவளோடு பேசாத தம்பி,
அவன் அரைவிலை கேட்டான், முக்கால் தந்தான்,
மிச்சத்துக்கு இரண்டு பூசணி.
பதினான்கு காணி, ஒன்றையொன்று தொட்டபடி.
ஒரே தாளில் ஒட்டிப் பார்த்தால்
வரைபடம் மேற்கே மேற்கேதான் வளர்கிறது.

மிஞ்சிய கார்ட்டில் ஒன்றைப்
பொலித்தீனில் சுற்றி
அன்னமுத்துவின் கிணற்றுக் கட்டில்
கல்லுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.
தொலைபேசி எண் மேலே தெரியும்படி.