பனிக்கு ஒதுக்கிய இடம்

இந்த ஆண்டு முதல் பழைய ஹைப்பர்வைசருக்குப்
பணம் கட்டச் சொல்கிறார்கள்.
சொல்லட்டும்.
வீடு மாற்றத் தெரியும் எனக்கு.

சௌனா அறையை அடுத்து, துண்டுகள் தொங்கும் அலமாரியின்
கீழ்த்தட்டில் சர்வர் உறுமுகிறது.
அதன் மூச்சில்தான் என் கையுறைகள் காய்கின்றன.
ஜன்னலுக்கு வெளியே கல்லவேசி ஏரி,
மைனஸ் இருபத்திரண்டு,
மூன்றரை மணிக்கே இருட்டு.

மின்கட்டண ரசீதின் முதுகில் பென்சிலால் போட்ட கணக்கு:
நாலு டிஸ்க், தலைக்கு நாலு டெராபைட்.
இரண்டிரண்டாக, ஒன்றுக்கொன்று கண்ணாடி.
பதினாறு வாங்கி எட்டில் குடியிருக்கிறேன்;
மீதி, பயத்துக்குக் கொடுக்கும் வாடகை.

புது வீட்டுக்காரனுக்குப் பழைய பூட்டு திறக்காது.
டிஸ்க்கைத் துடைத்துத் தந்தால்தான் ஏற்பான்.
துடைத்துவிட்டு, இருப்பதை எங்கே வைப்பது?
ஐந்தாவதாக ஒன்று வாங்கலாம்.
விலையைப் பார்த்தேன்.
ரசீதைத் திருப்பி அந்தப் பக்கத்தையும் பார்த்தேன்.

ஆகவே இப்படி:
ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைப் பிரித்தெடுத்துத்
துடைத்துப் புது இடத்துக்கு அனுப்புவது.
விட்டுப்போனவை ஒற்றைக்காலில் நின்று
தமக்குத் தெரிந்ததையெல்லாம்
பிரிந்தவற்றிடம் சொல்லி முடிக்கப்
பதினான்கு மணி நேரம்.
அதுவரை எதற்கும் கண்ணாடி கிடையாது.
(படங்களும் வரிக் காகிதங்களும் மட்டும்
யொயென்சுவில், தம்பி ஐனார் வீட்டில் ஒரு பிரதி.
அவன் அதைச் செருகி வைத்திருக்கிறானா என்று கேட்க வேண்டும்.)

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள்.
இங்கே யாரும் பிடுங்கவில்லை, நான்தான் வாரிக் கொடுத்திருக்கிறேன்.
இசைக்கு ஐந்நூறு ஜிபி; நாற்பதுகூட நிறையவில்லை.
படிக்காத இத்தாலியப் பாடங்களுக்கு இருநூறு.
இனி கேட்கும்போது, கேட்ட அளவு.
எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால்
வங்கிகள் செய்வதைத்தான் நானும் செய்வேன்.

ஏழாவது மெஷின்.
பெயர் சோதனை-2. எட்டு ஜிபி.
எதற்கு வைத்தேன், நினைவில்லை.
யார் கத்துகிறார்கள் பார்ப்போம் என்று
சனிக்கிழமை இரவு அணைத்தேன்.
ஞாயிறு யாரும் கத்தவில்லை.
திங்கள், செவ்வாய்.
ரசீதில் அதன்மேல் ஒரு கோடு.

புதன் காலை கதவு தட்டினாள்
மூன்றாம் வீட்டு சென்யா ஹாக்குலினென்.
தோளில் பனி குத்தும் கோல், புருவத்தில் வெள்ளை.
‘நாலு நாளாய் எண் வரவில்லை’ என்றாள்.
எந்த எண்?
‘பனி எண்.’

ஏழு குளிர்காலத்துக்கு முன்
படகுத்துறை முனையில் துளை போட்டு
ஒரு சென்சார் சரத்தை இறக்கினேன்.
பக்கத்தில் நின்ற அவள் தொலைபேசி எண்ணையும்
சும்மா சேர்த்து வைத்தேன்.
தினமும் காலை ஆறு பத்துக்கு
பனியின் கனம், சென்டிமீட்டரில்.
நான் மறந்துவிட்டேன். அவள் அதன்மேல் நடந்திருக்கிறாள்,
விரிகுடாவின் அக்கரையில் கட்டிய
மாதே மீன் தூண்டில்களுக்கு.

‘பரவாயில்லை. குத்திக் குத்திப் போய் வந்தேன்.’
கோபம் இல்லை. காபிக்கு உட்காரவும் இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதைச்
சிக்கனத்துக்குச் சொன்னது என்றே இருந்தேன்.

கோட்டை அழித்தேன், ரசீது கிழியும் வரை.
ஏழாவதை முதலில் நகர்த்தினேன்,
தனக்கென ஒரு மூலையில், கேட்காமலே பத்து ஜிபி.

அன்றிரவு அறுபத்து மூன்று சதவீதத்தில்
ஏரி எங்கோ விரிசல் விட்டு முழங்கியது.
பதறி எழுந்து
டிஸ்க்கில்தான் காதை வைத்தேன்.

ஆறு பத்து: முப்பத்தெட்டு.
நகல் இன்னும் எண்பத்தொன்றில் நிற்கிறது.
பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்ததில் சூடு சிதறிவிட்டது,
கையுறைகள் காயவில்லை.