இடப்பக்க நிலை

இரவு முழுக்க பிளசென்சியா முதியோர் இல்லத்தில்
ஈரப் படுக்கைகள் மாற்றிவிட்டு
ஏழரைப் பேருந்தில் வந்து படுப்பவள் நான்.
பதினோரு மணிக்கு என் ஜன்னலடியில்
பச்சைக் குடையைத் தூக்கிப் பிடித்து
கசில்தா தொடங்குவாள்:
"இதுதான் யூதர் தெரு."

தலையணைக்குள்ளும் கேட்கும்.
காலையில் எழுபது குடும்பம்,
மதியம் நூறு,
சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.
அரசனும் அரசியும் கொடுத்த தவணை நான்கு மாதம்.
ஒரு வீட்டுக்கு ஒரு கழுதை,
ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு முழம் துணி,
வாங்கிக்கொண்டு போனார்கள் என்பாள்.
அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவாள்.
தாழ்த்தும்போதுதான் எனக்கு மிச்சத் தூக்கமும் கலையும்.

பிறகு என் வாசல்.
நிலையில், தோள் உயரத்தில்,
விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம்.
"வேத வரிகளைத் தோலில் எழுதிச் சுருட்டி
மெஸூஸா பதித்திருந்த இடம்.
தொட்டுப் பாருங்கள்."
தொடுவார்கள்.
கனடாக்காரர்கள், கொரியாக்காரர்கள்,
வரிசையில் தள்ளிக்கொள்ளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
ஒரு பெண் அழுதுகூட இருக்கிறாள்.
தொட்டுத் தொட்டுச் சுண்ணாம்பு போய்
உள்ளே செஸ்ட்நட் மரம் வழவழத்துவிட்டது.

அது என் அப்பா வெட்டியது.
அழைப்புமணிக்குக் கம்பி இழுக்க,
எனக்கு ஆறு வயதில்,
உளி நழுவிக் கட்டைவிரலில் இறங்க
பங்குச் சாமியார் நீங்கலாக
ஊரில் எல்லோரையும் திட்டிக்கொண்டே.
மணி இரண்டு வருடம் அடித்தது.

சொல்லியிருக்கலாம்.
கசில்தாவுக்கு இரண்டு பிள்ளைகள்,
குளிர்காலம் முழுக்க குடை மடங்கியே கிடக்கும்.
சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு நாள்
கூட்டம் ஆற்றுப்பக்கம் நகர்ந்த பிறகும்
ஒருவர் மட்டும் நின்றார்.
இஸ்மிர்க்காரர், நெசிம் அல்கரந்தி,
பெயரெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.
விரல் வைத்தார். எடுத்தார்.
வீட்டுக்குள் நுழைபவர்போல உடம்பைத் திருப்பி
வலது கையை ஒருமுறை நீட்டிப் பார்த்தார்.
நிமிர்ந்தார்.
"எங்களுக்கு வலப்பக்கம், சென்யோரா.
இது இடப்பக்கம்."

நான் சுட்டுவிரலால்
காற்றை அழுத்திக் காட்டினேன்:
ட்ரிங்.

அவர் சிரித்த சிரிப்பில்
எதிர்வீட்டுப் பூனை படியிறங்கி ஓடியது.

தண்ணீர் கொண்டு இறங்கினேன்.
பேசியது என் மொழிதான்.
ஐந்நூறு வருடம் பெட்டியில் இருந்ததை
மடிப்புத் தெரிய உடுத்தி வந்ததுபோல.
"சாவி வைத்திருக்கிறீர்களா?"
(போனவர்கள் வீட்டுச்சாவியோடு போனார்கள்,
பிள்ளைக்குப் பிள்ளை கைமாற்றினார்கள்,
கசில்தாவின் கடைசி வரி அது.)
"எல்லோரும் கேட்கிறார்கள்.
எங்களிடம் சாவி எதுவும் இல்லை.
வாடகைக்கு இருந்திருப்போம்."

எப்போது கிளம்புகிறீர்கள் என்றேன்.
"அல்ஹாத்."
விழித்தேன்.
விரல் விட்டு எண்ணினார்: வெள்ளி, சனி, அதற்கடுத்தது.
"ஓ, தொமிங்கோ. ஆண்டவரின் நாள்."
"உங்கள் ஆண்டவரின் நாள்" என்றார்
குவளையைத் திருப்பிக் கொடுத்தபடி, மிகப் பணிவாக.
கழுதைக்கு வீட்டை விட்டவர்கள்
அரபிக்காரனிடம் வாங்கிய அந்த ஒரு சொல்லை
எந்தத் துறைமுகத்திலும் விற்காமல்
கடல் கடத்திப் போயிருக்கிறார்கள்.

அவர் போனார்.
எனக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது.
பிறந்து வளர்ந்த வீட்டில் முதல்முறையாக
வலப்பக்க நிலையில் கை வைத்தேன்.
யாரும் தொடாத பக்கம்.
நகத்தால் சுரண்டினேன், தோள் உயரத்தில்.
வெள்ளை உதிர்ந்தது.
அடியில் இன்னொரு வெள்ளை.
அதற்கும் அடியில் கொஞ்சம் பழுத்த வெள்ளை.

ஒரு மணிக்கு வளைவில் பச்சைக் குடை தெரிந்தது.
நகக்கண்ணை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு
மாடி ஏறினேன்.
"தொண்ணூறு குடும்பம்"
என்றாள் கசில்தா.