ஒட்டு

காவேரிப்பட்டணம் மேம்பாலம் இறங்கினால்
இடதுபக்கம் நிமிர்த்தி வைத்த லாரி டயரில்
வெள்ளை பெயின்டில் பஞ்சர் என்று இருக்கும்.
நான் எழுதியது. இடம் போதாமல்
கடைசி எழுத்து வளைவில் தலைகீழாகத் தொங்கும்.

பக்கத்தில் படுத்திருக்கும் இன்னொரு டயருக்குள்
உட்கார்ந்துதான் பால் குடிப்பாள் மிருதுளா.
ஒரு வயதும் ஒன்பது மாதமும்.
பாட்டிலைப் பல்லால் கவ்விக்கொண்டு
கை இரண்டும் சும்மா கிடக்க
லாரி எண்ணுவாள்.
எத்தனை போனாலும் அவளுக்கு ரெண்டு.

பால் சரியாக வரவில்லை, அழுகிறாள் என்று
ஆறாம் மாதத்தில் ஊசியைச் சூடுபண்ணி
நிப்பிள் கண்ணைப் பெரிதாக்கியவன் நானே.
காலையிலிருந்து இரவுவரை ஓட்டை அடைப்பவன்
கையால் போட்ட ஒரே ஓட்டை.

தடுப்பூசிக்குப் போன இடத்தில்
நர்ஸ் ஜெசிந்தா மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார்.
முன்பல் ஓரம் டீக்கறைபோல ஒரு கோடு.
"வாயில வச்சிக்கினே தூங்குறாளா?"
நான் எடைமெஷினைப் பார்த்தேன்.
"டம்ளருக்கு மாத்துங்க. இன்னும் என்னாத்துக்கு பாட்டிலு?"

மாற்றினேன்.
அதாவது, வாங்கினேன்.
வாத்து மூக்கு வைத்த கப், சந்தையில் அறுபது ரூபாய்.
வாத்தின் கண்ணைப் பிடுங்கப் பார்த்தாள்,
பாலைத் தொடவில்லை.
எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டினாள்,
சத்தம் பிடித்துப்போனது, பால் என் லுங்கியில்.
குழல் வைத்ததில் உறிஞ்சத் தெரியாமல் ஊதினாள்.
பாலுக்குள் குமிழ் குமிழாய்க் கிளம்பியது.

டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
மெல்லச் சுற்றிக்கொண்டே வருவேன்.
குமிழ் கிளம்பும் இடத்தில்தான் நோவு.
இங்கே எந்த இடத்தில் தேய்ப்பது
உப்புத்தாளை?

நான்காம் நாள் குளிக்கவைக்கும்போது
மக்கை இரண்டு கையாலும் தூக்கி
மடமடவென்று குடித்தாள், சோப்புத் தண்ணீரை.
ஏய் என்று கத்தியவன் அப்படியே நின்றுவிட்டேன்.
எவ்வளவு சிந்தியது, யார் கண்டது,
ஆள்தான் முழுக்க ஈரமாயிற்றே.

அன்று மாலையே குட்டி மக்கு ஒன்று, நீலம்.
அடியில் நாலு மடக்கு பால்.
அப்புறம் பகலில் பாட்டில் கேட்கவில்லை.

ஆனால் ராத்திரி இருக்கிறதே.

சிவரஞ்சனிக்கு சீசன்.
கூழ் ஃபேக்டரியில் பெங்களூரா மாங்காய்
மலை மலையாய் வந்து இறங்குகிறது.
அவள் போகும்போது இவள் தூக்கம்,
வரும்போது பாதித் தூக்கம்.
பதினொன்றரைக்கு வேன் இறக்கிவிடும்.
மூன்று முறை கழுவியும் மாங்காய்ப்பால் வாடை போகாத கை
நேராகப் பாட்டிலுக்குத்தான் போகும்.
"ஒரே ஒரு தடவ."
பத்து நாளாக ஒரே ஒரு தடவை.

சத்தம் போட்டேன்.
நர்ஸ் சொன்னதைச் சொன்னேன், பல்லைக் காட்டினேன்.

"மக்குல குடிச்சா ரெண்டு நிமிசம்" என்றாள்.
"பாட்டில்னா இருபது நிமிசம் மடியில இருக்கும்."

வெளியே ஏதோ கன்டெய்னர்
ஏர் பிரேக்கை நீளமாக விட்டுவிட்டுப் போனது.
குமிழ் வந்த இடம் தெரிந்துவிட்டது.
அதற்கு என்னிடம் ஒட்டு இல்லை.

மறுநாள் இரவு அவளேதான்
நீல மக்கோடும் பிள்ளையோடும் வெளியே போனாள்.
யூனிபாரம் மாற்றவில்லை.
டயர்மேல் உட்கார்ந்துகொண்டு
ஒரு லாரிக்கு ஒரு வாய் என்றாள்.
சேலம் பக்கமிருந்து வெளிச்சம் வரும்,
ரெண்டு என்பாள் இவள், ஒரு வாய்.
அடுத்த வெளிச்சம் வரும்வரை
இரண்டு பேரும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
சமயத்தில் லாரியே வராது.
பால் ஆறி ஆடை கட்டிவிட்டது.
நாற்பது நிமிடம்.
நான் கொசு அடித்துக்கொண்டு நின்றேன்.

தூங்கி விழுந்தவளுக்குப் பல் துடைத்துவிட்டது நான்தான்.
விரலை ஒரு கடி கடித்தாள், ஒழுங்காகவே கடித்தாள்.

பாட்டிலில் இப்போது வால்வு பின் போட்டு வைத்திருக்கிறேன்.
நிப்பிளை எறிந்துவிட்டேன் என்று
சிவரஞ்சனியிடம் சொல்லியிருக்கிறேன்.
உப்புத்தாளுக்கு அடியில் இருக்கிறது.